அவரு கேட்ட சைலன்சரு

...அதுவும் ஒரு நாளு ரெண்டு நாளு இல்ல தங்கச்சி, எட்டு மாசம். ஒரு சைலன்சரப் பாத்து எடுக்க எங்க வீட்டுக்காரருக்கு எட்டு மாசம். என்னையப் பொண்ணு பாத்து, பேசி முடிச்சு, தாலி கட்டிக் கூட்டிக்கிட்டுப் போனதே மூணு மாசத்துல. வேணாம், வாயத் தொறக்காதீங்க. மூஞ்சியில போட்ட பேக் இன்னும் ஈரமாத்தான் இருக்கு, சிரிச்சீங்கன்னா கன்னத்துல வெடிச்சிரும். சனிக்கெழம கல்யாணத்த வச்சுக்கிட்டு மூஞ்சியில கோடு விழுந்தா என்னையத்தான் சொல்லுவாங்க. கண்ணையும் மூடிக்கிங்க. இருவது நிமிஷம். நான் பேசிக்கிட்டு இருக்கேன், நீங்க சும்மா சாஞ்சிருங்க.

போட்டோவுக்கு அந்தச் செகப்புக் காரு வருமான்னு கேட்டீங்கல்ல. வரும். நாலு மணிக்கு அவரே கொண்டாந்து காட்டுறேன்னாரு. ஆனா அந்தக் காரப் பத்தி ஒண்ணுமே தெரியாம ஏறிக் குந்திறக் கூடாது பாருங்க. அதுக்காகத்தான் சொல்றேன்.

அது ரெண்டு சீட்டுக் காரு. நாங்க வீட்டுல நாலு பேரு. கூரைய மடிச்சு வச்சுட்டு காத்து வாங்கிக்கிட்டுப் போகலாம். ஹட்டன்ல. மழயப் பத்தி ஒங்களுக்கு நான் சொல்லணுமா, நீங்க கந்தப்பளையில பொறந்தவங்க. எங்க வீட்டுக்காரரு... லோஜன்னு பேரு... குவைத்துல பதினோரு வருஷம் பஸ் கராஜ்ல வேல பாத்தாரு. அங்கருந்து வர்றவங்க ஃபிரிட்ஜு கொண்டாருவாங்க, டீவி கொண்டாருவாங்க, வந்து வீட்டுக்கு மேல மாடி போடுவாங்க. இவரு வந்த மூணாம் மாசம், என்னைய விட நாலே வயசு எளசா ஒரு பந்தயக் கார ஓட்டிக்கிட்டு வந்து வாசல்ல நிப்பாட்டுனாரு. கல்யாணக்காரங்களுக்கு வாடகைக்கி விடலாம் சுலா, ஒன் பார்லருக்கும் அதுக்கும் பொருத்தமா இருக்கும்னாரு. சுலக்ஷனாங்கிறத அவரு சுலான்னுதான் கூப்புடுவாரு. நானும் சரின்னேன். பாக்க அழகாத்தான் இருந்துச்சு.

ஆனா வாடகைக்கின்னு சொன்னது எனக்காக. உள்ளுக்குள்ள வேற. அவரு வளந்தது நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலத் தோட்டத்துல. ஏப்ரல் சீசனுக்கு மலையேத்தக் காரு ரேசு வைப்பாங்கல்ல, லயத்து வீடுகள்லருந்து பொடியனுங்கல்லாம் போயி மேட்டுல குந்திக்கிட்டுப் பாப்பாங்களாம். என்னத்தப் பாக்குறது. பனி எறங்கிரும். பத்தடிக்கு அங்கிட்டு மாடு நின்னாலும் தெரியாது. சத்தந்தான் வரும். அந்தச் சத்தத்த வச்சே இது இன்ன காரு, இவன் இந்த வளைவுல கியர மாத்துறான், இவனுக்கு எஞ்சின் கொதிச்சிருச்சின்னு சொல்லுவாராம். மத்தவங்களுக்குக் காரு மேல ஆச கண்ணுல. இவருக்குக் காதுல.

சரி. கார வாங்கி அஞ்சாம் நாளு கொட்டகல தாண்டி வர்றோம். பழைய சைலன்சரு துருப்புடிச்சு அத்து நடு ரோட்டுல விழுந்துருச்சு. பின்னால வந்த பஸ்ஸு கண்டக்டரு எறங்கி, துண்டுல சுத்தி எடுத்தாந்து எங்கிட்ட குடுத்துட்டுப் போனாரு. புள்ள பெத்தவகிட்ட நர்ஸு குடுக்குற மாதிரி. ஹட்டன் வரைக்கும் மடியில வச்சுக்கிட்டு வந்தேன்.

வேற ஆளுன்னா என்ன செய்வாங்க. வெல்டிங் வேல செய்ற வீரய்யாகிட்ட போயி ஏதோ ஒண்ண ஒட்டிக்கிட்டு வருவாங்க. இவரு ஃபோன எடுத்தாரு. காதுல மாட்டுனாரு. அம்புட்டுத்தான். எந்த நாட்டுக்காரன் எந்தச் சைலன்சரப் பூட்டி எந்த ரோட்டுல போனாலும், அந்த வீடியோவ எங்க வீட்டுல கேட்டாச்சு. நான் பருப்புத் தாளிச்சுக்கிட்டு இருப்பேன்.

"சுலா, இதக் கேளு."

"கேட்டேன்."

"இப்ப இத."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணா? மொதலாவது தகரத்துல கல்ல உருட்டுது. ரெண்டாவதுக்கு நெஞ்சுல சளி."

இப்பிடி. டைட்டானியத்துல ஒண்ணு இருக்காம், தூக்குனா எடையே தெரியாதாம், ஆனா சத்தம் கீச்சுன்னு வருமாம், வேணாம். துருப்புடிக்காத ஸ்டீலுல ஒண்ணு இருக்காம், நல்லாத்தான் இருக்காம், ஆனா குழாய் அகலம் ஜாஸ்தியாம். அகலமா இருந்தா என்னங்கன்னேன். ஏத்தத்துல இழுவ கொறையும்னாரு. ரெண்டேகால் இஞ்சியா ரெண்டர இஞ்சியான்னு ஒரு மாசம் ஓடுச்சு. அளவு கண்ணுக்குப் பிடிபடலன்னு, இந்தா இந்தக் கண்ணாடிப் பெட்டியில விக்கிறதுக்கு வச்சிருக்கிற வளையல எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. ரெண்டு நாலு சைஸு வளையல் சரியா ரெண்டேகால் இஞ்சி. ரெண்டு எட்டு சைஸு ரெண்டர. ரெண்டையும் காருக்கடியில புடிச்சுப் புடிச்சுப் பாத்தாரு. ஒரு டஜன் வளையல்ல கிரீஸு. கடைசியில ரெண்டு நாலுதான்னு முடிவாச்சு. எனக்கும் அதே சைஸுதான். சந்தோசமாச் சொன்னாரு.

அப்பறம் ரீங்காரம். அது ஒரு தனிக் கத. "சுலா, மலையில ஏறுறப்ப எஞ்சின் எந்நேரமும் மூவாயிரம் சுத்துலதான் நிக்கும். சில சைலன்சருக்கு அந்த மூவாயிரத்துலதான் ரீங்காரம் கெளம்பும். அண்டாக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்கும். கொழும்புக்காரனுக்கு அது கவல இல்ல, அவன் தட்டையான ரோட்டுல போறவன். நம்ம ஊருல வீட்ட விட்டு எறங்குனாலே ஏத்தம்." அதனால நடுவுல நீட்டமா ஒரு பெட்டி வச்சது வேணும். அது ரீங்காரத்த முழுங்கிரும். பின்னால ஒரே ஒரு வாய். ஓட்டுறவனுக்கு மட்டும் கேக்கணும், ஊருக்குக் கேக்கக் கூடாது. அதான் அவரு கேட்டது. பாவம், அவரு கேட்டது அம்புட்டுத்தான்.

எங்க எந்திரிக்கிறீங்க. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. கழுத்துல கொஞ்சம் வடியுது, தொடச்சு விடுறேன், இருங்க.

எட்டாவது மாசம் ஒரு வழியா அப்பிடி ஒண்ணக் கண்டுபுடிச்சாரு. கொழும்புல ஒரு கடையில எடுத்துத் தாறோம்னாங்க. அன்னைக்கிப் பாத்து மகனோட ஸ்கூல்ல கூட்டம். இவரு ஒரு துண்டுக் கடுதாசியில அந்தச் சைலன்சரு நம்பர எழுதி வச்சுட்டு, "சுலா, பத்து மணிக்குக் கட தொறப்பாங்க, ஃபோன் போட்டு இத மட்டும் சொல்லிரு"ன்னுட்டுப் போயிட்டாரு. நானும் போட்டேன். ஷிஹாம்னு ஒரு பையன் எடுத்தான், நல்லாத் தமிழ் பேசுனான். எழுத்து எழுத்தா வாசிச்சேன். ஏ, ஆறு, கோடு, ரெண்டு, எல்லாத்தையும். சரி மேடம்னான்.

நாலாம் நாளு பஸ்ஸுல பெட்டி வந்துச்சு. தொறந்து பாத்தா வேற. குழாய்க்கு நடுவுல அந்த நீட்டப் பெட்டியக் காணோம். பின்னால ஒரு வாய் இல்ல, நாலு வாய். இவரு அதக் கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "நீ நம்பரு சரியாத்தானே சொன்ன?"ன்னு கேட்டாரு. நான் எழுத்து எழுத்தா சொன்னேன், அந்தக் கடைக்காரன் மாத்தி அனுப்பிட்டான், இப்பிடி ஒரு கடையா, வெளங்குவானா அவன்னு சத்தம் போட்டேன். சரி, அடுத்த வாரம் ஒரு கல்யாணம் இருக்கு, இப்போதைக்கி இதப் பூட்டுவோம்னு வீரய்யாகிட்ட கொண்டு போனாரு.

அன்னைக்கி நான் இங்க பேங்கு மேடம் ஒருத்தவங்களுக்குப் புருவம் எடுத்துக்கிட்டு இருக்கேன். நூலு பல்லுல. இவரு வாசல்ல வந்து ஸ்டாட் பண்ணுனாரு. அவங்களுக்கு எடது புருவம் பாதிதான் மிச்சம். இப்பவும் பென்சில்ல வரைஞ்சுக்கிட்டுத்தான் வேலைக்கிப் போறாங்க. எங்கிட்ட வர்றதில்ல. மேல் வீட்டுல முத்துலிங்கம் சார் இருக்காரு, ரிட்டயர் ஆன ஹெட்மாஸ்டரு. அவரு எறங்கி வந்து, "லோஜன், எதுவும் வெடிச்சிருச்சா?"ன்னு கேட்டாரு. இல்ல சார், வேல செய்யுதுன்னாரு இவரு.

மறுவாரம் காலத்தால ரயிலப் புடிச்சு கடைக்கே போனாரு. நானும் நல்லாக் கேளுங்கன்னு சொல்லித்தான் அனுப்புனேன். சாயங்காலம் வந்தாரு. "மாத்தித் தரமாட்டாங்களாம்"னாரு. அவ்ளோதான். ஏன், எதுக்குன்னேன். விடு சுலான்னாரு. குளிக்கப் போயிட்டாரு.

அதுக்கப்பறம் என்னென்னமோ செஞ்சு பாத்தாரு. சட்டி தேய்க்கிற கம்பி நூல பத்து உருண்ட வாங்கி நாலு வாய்க்குள்ளயும் அடச்சாரு. ஒரு நாள் தாங்குச்சு. ரெண்டாம் நாளு குடாகம வளைவுல எல்லாம் ஒண்ணாப் பறந்து, குருவிக் கூடு மாதிரி ஒரு பொலிஸ்காரரு காலடியில போயி விழுந்துச்சு. அவரும் ஒண்ணும் செய்யல, "மாத்தயா"ன்னு மரியாதையாக் கூப்புட்டு, இத மாத்திருங்கன்னு மட்டும் சொல்லி அனுப்புனாரு. எல்லாரும் நல்லவங்களாத்தான் இருந்தாங்க. அதான் எனக்குக் கஷ்டம்.

இப்பச் சொல்லப் போறது சிரிக்கிற விசயம் இல்ல.

மாசி மாசம். ஒரு சோடிக்குப் போட்டோ எடுக்க தோட்டத்துக்குப் போயிருக்காரு. ரோட்டுக்கு மேல ஏழாம் நம்பர் மலை, பொம்பளைங்க கொழுந்து எடுத்துக்கிட்டு இருக்காங்க. எல்லாம் முடிஞ்சு கெளம்புற நேரம், கேமராக்கார அண்ணன், ஒரு தடவ நல்லா அழுத்துங்க, வீடியோவுக்குச் சத்தம் வேணும்னிருக்காரு. வேணாம் தம்பின்னு இவரு சொல்லியிருக்காரு. மாப்புளப் பையன் ஆசையாக் கேட்டிருக்கான். சரின்னு ஒரே ஒரு தடவ அழுத்திட்டாரு. மேல இருந்த மரத்துல குளவிக் கூடு.

ஒங்களுக்குத் தெரியும். கொழுந்து எடுக்குற வீட்டுல குளவின்னு சொன்னா சோறு எறங்காது. பொம்பளைங்க சாக்கத் தலையில போட்டுக்கிட்டு அங்கங்க குப்புறப் படுத்துட்டாங்க. பொண்ணும் மாப்புளையும் கேமராக்காரங்க வேனுக்குள்ள ஓடிட்டாங்க. அம்மாக்கண்ணுன்னு ஒருத்தவங்க, அம்பத்து மூணு வயசு, தண்ணிக் கானு தாண்டி ரோட்டுல வந்து விழுந்துட்டாங்க. தலையெல்லாம் குளவி. இவரு எறங்கி ஓடி, கோட்டக் கழட்டி அவங்க மேல போத்தி, தூக்கி அந்த ரெண்டாவது சீட்டுல வச்சாரு. கூரைய இழுத்து மூட நேரமில்ல. அப்பிடியே தொறந்த காருல, குளவி கூடவே வர, ஆசுபத்திரி வரைக்கும் ஒரே அழுத்து. ஹோர்ன் அடிக்க வேண்டிய தேவையே வரலயாம். சத்தத்தக் கேட்டு லொறி, பஸ்ஸு, மாடு எல்லாம் தானா ஒதுங்கிருச்சு. இவருக்கும் ஒம்பது எடத்துல கொட்டியிருந்துச்சு. டாக்டரு கேக்குற வரைக்கும் அது அவருக்கே தெரியாது.

அம்மாக்கண்ணு அக்கா நாலு நாளு ஆசுபத்திரி வாட்டுல இருந்தாங்க. பொழச்சிட்டாங்க. நல்லா இருக்காங்க. போன மாசமும் குளவி வந்துச்சு தம்பி, அன்னைக்கி எந்தக் காரும் வரல, அதுக்குக் காத்தடிச்சாலே போதும்னு அவங்களே சொல்றாங்க. இவரு கேக்கணுமே. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பழம் வாங்கிக்கிட்டுப் போயிப் பாத்துட்டு வர்றாரு. அந்தத் தோட்டத்து ரோட்டுல கார ஓட்டுறதில்ல, நடந்துதான் போறாரு. இப்பல்லாம் எங்க கார எடுத்தாலும், சாவியப் போடுறதுக்கு முந்தி அண்ணாந்து மரத்தப் பாக்குறாரு. டவுனுக்குள்ள கூட. பஸ் ஸ்டேண்டுல எங்கங்க மரம்.

அன்னைக்கி அவரு மூஞ்செல்லாம் வீங்கி வந்து நின்னப்ப நான் என்ன சொன்னேன் தெரியுமா. எல்லாம் அந்தக் கடைக்காரனால, அவன் நாசமாப் போகன்னு சொன்னேன். இவரு என்னையப் பாத்தாரு. ஒரு கண்ணுதான் தெறந்திருந்துச்சு. "கடைக்காரன ஒண்ணும் சொல்லாத சுலா"ன்னுட்டு உள்ள போயிட்டாரு.

...பேக் காயுது. நல்லாக் காயட்டும். நீங்க பேச முடியாதுங்கிறதாலதான் இதச் சொல்றேன்னு வச்சுக்கிங்களேன்.

நான் நம்பர எழுத்து எழுத்தாத்தான் வாசிச்சேன். அது பொய்யில்ல. ஆனா வாசிச்சு முடிச்சதும் அந்தப் பையன், மேடம் இது வர ஆறு வாரம் ஆகும்னான். இதே காருக்கு வேற ஒண்ணு கையில இருக்கு, நாலு வாய், பாக்க அம்சமா இருக்கும், இன்னைக்கே பஸ்ஸுல போட்டுரலாம்னான். எனக்கு எட்டு மாசத்துச் சலிப்பு. இன்னும் ஆறு வாரம் இந்தச் சளி, தகரம், அண்டா எல்லாத்தையும் கேக்கணுமான்னு இருந்துச்சு. நாலு வாய் இருந்தா போட்டோவுக்குப் பின்னாலருந்தும் நல்லா இருக்குமேன்னு வேற தோணுச்சு. அதையே அனுப்புங்கன்னுட்டேன். சார்கிட்ட ஒரு தடவ கேக்க வேணாமா மேடம்னு கேட்டான், பாவம். கேட்டான்.

நானே சொல்லியிருப்பேன். அன்னைக்கே சொல்லியிருந்தா சிரிச்சிட்டு விட்டிருப்பாரு. ஆனா அவரு பெட்டியத் தொறந்துட்டு நின்ன நெலயப் பாத்ததும் கடைக்காரன ஏசத்தான் வாய் வந்துச்சு. ஒரு பொய்யச் சொல்லிட்டேன். அப்பறம் அந்தப் பொய்க்கு அஞ்சு மாசமா தீனி போட்டுக்கிட்டு இருக்கேன்.

இதோட முடிஞ்சிருந்தா ஒங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருக்க மாட்டேன். நேத்து காலத்தால அந்த ஷிஹாம் எனக்கு ஃபோன் போட்டான். சார் மொதல்ல கேட்ட ஐட்டம் தாமதமாகி இப்பத்தான் வந்திருக்கு மேடம், சார் ஃபோன் எடுக்கல, அதான் ஒங்களுக்குன்னான். நான் பழைய வீராப்புல, தப்பான சாமான அனுப்பிட்டு இப்ப என்னன்னு ஏறிட்டேன். அவன் மெதுவா, "மேடம், அன்னைக்கி சார் வந்தப்ப ரெக்கோடிங்கப் போட்டுக் காட்டுனேனே. சார் சொல்லலயா?"ன்னான்.

கடையில வர்ற ஃபோனெல்லாம் பதிவாகுமாம். மொதலாளி இவன வேலய விட்டு நிப்பாட்டப் பாத்திருக்காரு, அதனால போட்டுக் காட்டியிருக்கான். நடுக் கடையில, நாலு பேரு நிக்க, என் கொரலு. முழுசாக் கேட்டிருக்காரு. கேட்டுட்டு மொதலாளிகிட்ட, "ஆமா, நாந்தான் வீட்டுல மாத்திச் சொல்லச் சொன்னேன், மறந்தே போயிட்டேன், தம்பி மேல தப்பில்ல"ன்னு சொல்லி, அந்தப் பையன் தோள்லயும் தட்டிக் குடுத்துட்டு வந்திருக்காரு.

அந்த ரெக்கோடிங்ல கடைசியா நான் என்ன சொன்னேன்னு எனக்கு ஞாபகம் இருக்கு தங்கச்சி. சார்கிட்ட கேக்க வேணாமான்னு அவன் கேட்டதுக்கு, "அதெல்லாம் வேணாம், அவருக்கு வித்தியாசம் தெரியாது"ன்னு சொன்னேன்.

அவருக்கு.

பனிக்குள்ள சத்தத்த வச்சு காரச் சொல்ற மனுசனுக்கு.

அதக் கேட்டுட்டுத்தான் அன்னைக்கி வீட்டுக்கு வந்து, மாத்தித் தரமாட்டாங்களாம்னு மட்டும் சொல்லிட்டுக் குளிக்கப் போயிருக்காரு. குளவி கொட்டுன அன்னைக்கும் தெரியும். நான் கடைக்காரன ஏசும்போதெல்லாம் தெரியும். நேத்து ராவு அவரு மூஞ்சியப் பாக்காமத்தான் சோறு போட்டேன். கொழம்பு நல்லா இருக்குன்னாரு.

நேத்தே அந்த நல்லத அனுப்பிரச் சொல்லிட்டேன். வெள்ளிக்கெழம பஸ்ஸுல வந்துரும், வீரய்யா அன்னைக்கே பூட்டித் தாறேன்னாரு. சனிக்கெழம நீங்க அமைதியாத்தான் போவீங்க, பயப்படாதீங்க. ஆனா பெட்டியக் குடுத்தா மட்டும் போதாதுல்ல.

அந்தா. நாக்காலி அதிருதா? அது நீங்க இல்ல, அவருதான் வர்றாரு.

பேக் காஞ்சிருச்சு. இந்தா துண்டு, கொழாய் ஒங்களுக்கு எடது கைப் பக்கம், வெந்நி வரும், நீங்களே கழுவிக்கிருவீங்களா? நான் வாசல் வரைக்கும் போயிட்டு வந்துர்றேன். கதவு தொறந்தே இருக்கட்டும். ஆளு உள்ள இருந்தா எனக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்.

ஏங்க. வாங்க. ...பொண்ணு உள்ள இருக்காங்க, மூஞ்சி கழுவுறாங்க. இல்ல, எறங்காதீங்க, அப்பிடியே இருங்க. எஞ்சின் ஓடட்டும். ஒண்ணு சொல்லணும். அந்தச் சைலன்சர மாத்தி அனுப்பச் சொன்னது கடைக்காரன் இல்ல, நாந்தான்.

...என்னது? கேக்கலையா?

ம். கேக்காதுன்னு தெரிஞ்சுதான் இப்பச் சொன்னேன். சரி, நிப்பாட்டுங்க. நிப்பாட்டுங்க, சொல்றேன்.

நாலு வாய் வச்சத அனுப்பச் சொன்னது நாந்தான். ஆறு வாரம் பொறுக்க முடியாமச் சொல்லிட்டேன். ஒங்களுக்கு வித்தியாசம் தெரியாதுன்னு சொன்னதும் நாந்தான்.

...தெரியுமா?

எது தெரியும்ங்கிறீங்க. நான் சொன்னதா, வித்தியாசமா?

...ரெண்டுமா.

ம்.